பிரான்சு நாட்டு அமைச்சர் கோல்பேர்

அரசனுக்கு அடுத்த நிலையில் அமைச்சனை வைத்துப் பேசுவது நம் தமிழ் மரபு. வள்ளுவப் பெருந்தகை பொருட்பாலில் அரசியலைக் கூறி முடித்ததும் அமைச்சின் இயல்பையே எடுத்துக்கொண்டு, அடுத்தடுத்துப் பத்து அதிகாரங்களில் அதனை விரித்துரைத்தார். அரசன் அறியாமையாற் கேளாதொழியினும் அவனுக்கு உறுதி பயப்பதை எடுத்துரைத்தல் அமைச்சனின் கடன் என்பது நம் முன்னோர் கொள்கை. இக்கொள்கையை ஓர் உரைகல்லாகக் கொண்டு, மேனாட்டு அமைச்சர் ஒருவரின் வாழ்வை உரைத்துப் பார்ப்பது பயனுடைத்து. அவரே பிரான்சு நாட்டை ஆண்ட பதினான்காம் லூயி மன்னனின் பேரமைச்சராய் விளங்கிய சான் பத்தீஸ்து கோல்பேர்.

பிரான்சு எங்கே, நம் கெலிஓயா எங்கே என்று வாசகர் வினவலாம். கோல்பேர் அனுப்பிய கப்பல்கள் திருகோணமலைத் துறையில் நங்கூரம் பாய்ச்சின. அவற்றில் வந்த தூதர் ஒருவர் நம் கண்டி மலைநாட்டுக்கு வந்து, திரும்பிச் செல்லாமலே வாழ்ந்து முடிந்தார். ஆதலின், பாரிசு நகரில் ஒரு மேசைமீது எழுதப்பட்ட கணக்கு மகாவலி கங்கைக் கரைவரை வந்து சேர்ந்த வரலாறாகவும் இது அமைகின்றது.

பிறப்பும் பயிற்சியும்

கோல்பேர் 1619ஆம் ஆண்டு ஆகஸ்து 29ஆம் நாள் ரெய்ம்ஸ் என்னும் நகரிற் பிறந்தார். அவர் குடும்பம் துணி வாணிகம் செய்த குடும்பம். இளமையில் வட்டிக்கடைக் கணக்கும் பத்திரம் எழுதும் தொழிலும் பயின்றார். பிரபுக்களின் பிள்ளைகள் வாட்போரும் குதிரையேற்றமும் பழகிய வயதிலே, வரவையும் செலவையும் எதிரெதிரே எழுதி ஒப்பு நோக்கும் பழக்கம் இவருக்குக் கைவந்தது. வாழ்நாள் முழுவதும் அவருக்குப் படைக்கலமாய் உதவியது அப்பழக்கமே.

உறவினர் ஒருவரின் துணையால் போர்த்துறைச் செயலாளராயிருந்த லெ தெல்லியே என்பவரின் அலுவலகத்திற் சேர்ந்தார். லூயி மன்னன் ஐந்து வயது நிரம்பாத குழந்தையாய் 1643இல் அரசனானான். நாட்டை உண்மையில் ஆண்டவர் முதலமைச்சர் மசாரின் கர்தினால். 1648 முதல் 1653 வரை பிரபுக்களும் நீதிமன்றத்தாரும் அவரை எதிர்த்துக் கலகம் செய்தனர். மசாரின் நாட்டை விட்டு ஓடவேண்டிய நிலை வந்தபொழுது, 1651இல் அவருடைய சொந்தச் சொத்துக்களைக் காக்கும் பொறுப்பைக் கோல்பேர் ஏற்றார். சிதறிக் கிடந்த பொருளையெல்லாம் திரட்டி, கடன்களை அறவிட்டு, சில ஆண்டுகளிலே தம் தலைவரைப் பெருஞ்செல்வராக்கினார். 1661ஆம் ஆண்டு மார்ச்சு 9ஆம் நாள் மசாரின் இறக்குந் தறுவாயில், அரசனுக்கு விட்டுச் செல்லும் சிறந்த உடைமையாகக் கோல்பேரையே பரிந்துரைத்தார் என்பது வரலாறு.

நிதிப்பொறுப்பு

அப்பொழுது லூயிக்கு வயது இருபத்திரண்டு. இனி முதலமைச்சர் என ஒருவர் வேண்டா, யாமே ஆள்வோம் என்று மன்னன் அறிவித்தான். ஆயினும் நிதி முழுவதும் ஃபூக்கே என்னும் மேலதிகாரியின் கையில் இருந்தது. ஃபூக்கே கலையுணர்வு மிக்கவர், புலவரைப் புரந்தவர், அரசன் பணத்தையும் தம் பணத்தையும் வேறு பிரித்தறியாதவர். அவர் 1661 ஆகஸ்து 17ஆம் நாள் தமது புதிய மாளிகையில் அரசனுக்கு ஒரு விருந்தளித்தார். அரண்மனையையும் விஞ்சிய அவ்விருந்தின் ஆடம்பரம் அரசன் மனத்தில் ஏற்கெனவே இருந்த ஐயத்தை உறுதி செய்தது. மூன்று வாரங்கள் கழியுமுன்னர், செப்டம்பர் 5ஆம் நாள், ஃபூக்கே சிறைப்பட்டார்.

இதற்கு வேண்டிய கணக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து அரசனுக்குக் காட்டியவர் கோல்பேர். விசாரணை மூன்றாண்டு நீடித்தது. நீதிபதிகளைத் தெரிவதிலும் சான்றுகளைத் தொகுப்பதிலும் கோல்பேர் நடுநிலை பிறழ்ந்தார் என்பதை அவரைப் போற்றுவோரும் மறுப்பதில்லை. அவர் விரும்பியது மரண தண்டனை. நீதிபதிகளுள் ஒன்பதின்மர் அதற்கு இசைந்தனர். பதின்மூவர் நாடுகடத்தலே போதும் என்றனர். அரசன் அதனை ஆயுட்சிறையாக மாற்றினான். பிறர் களவைக் கண்டுபிடித்த கை தூய கைதான். ஆனால் இரக்கமற்ற கை. இவ்விரண்டு இயல்பும் கோல்பேரை விட்டு இறுதிவரை நீங்கவில்லை.

அவர் பொறுப்பேற்ற காலத்தில், குடிமக்கள் செலுத்திய வரியிற் பாதிக்கும் குறைந்த பங்கே கருவூலத்தை அடைந்தது. எஞ்சியது பழங்கடன் வட்டிக்கும் வரித்தண்டலாளரின் கைக்கும் போயிற்று. கோல்பேர் தனி நீதிமன்றம் ஒன்றை அமைப்பித்து, அரசுப் பணத்தைச் சுருட்டியவர்களிடமிருந்து பெருந்தொகையைத் திரும்ப அறவிட்டார். உழவர்மீது நேரே விழுந்த வரியைக் குறைத்தார். பொய்யாகப் பிரபுப் பட்டம் சூடி வரியிலிருந்து தப்பியோரைத் தேடிப் பிடித்து வரி கட்டச் செய்தார். ஆயின், துணி வாணிகர் மகனாகிய அவரே ஸ்கொத்லாந்து நாட்டுப் பிரபுக்குடி ஒன்றிலிருந்து வந்தவர் என ஒரு குலமுறை கிளத்திக்கொண்டது நகைப்புக்கிடமானது.

ஆண்டுதோறும் அரசனுக்கென ஒரு சிறு கணக்கேடு ஆயத்தஞ் செய்தார். சட்டைப் பையில் அடங்குமளவு சிறியது. அழகிய கையெழுத்தில் எழுதியது. அதனைப் புரட்டினால் நாட்டின் வரவு, செலவு, இருப்பு யாவும் ஒரு பார்வையில் விளங்கும். பரந்த நாட்டின் கணக்கு அரசன் உள்ளங்கையில் அடங்கிற்று. 1660ஆம் ஆண்டுகளின் இடைப்பகுதியிலே, செலவைக் காட்டிலும் வரவு மிகுந்த நிலையும் வந்தது.

பணிகள்

1664இல் அரசக் கட்டடங்களின் மேலதிகாரி, 1665இல் நிதித்துறைத் தலைவர், 1669இல் கடற்படைச் செயலாளர் எனப் பதவிகள் ஒன்றன்மேல் ஒன்றாய் வந்தன. விடியுமுன் மேசைக்கு வந்து இரவு நெடுநேரம் வரை எழுதுவது அவர் வழக்கம். சிரிக்காத முகம், சுருங்கிய புருவம், உதவி நாடி வந்தோரைக் குளிரச் செய்யும் மௌனம். அரண்மனைச் சீமாட்டி ஒருவர் அவருக்கு வடதிசை என்றே பெயரிட்டார்.

உலகிலுள்ள பொன்னும் வெள்ளியும் ஓர் அளவினவே. ஒரு நாடு மிகுதியாகப் பெறின் மற்றொரு நாடு இழந்தேயாக வேண்டும் என்பது அவர் பொருளியற் கொள்கை. ஆதலின் பிற நாட்டுச் சரக்குக்குப் பெருந்தீர்வை விதித்து, அச்சரக்குகளைத் தம் நாட்டிலேயே செய்விக்க முயன்றார். வெனிசு நகரிலிருந்து கண்ணாடி வினைஞரையும், ஒல்லாந்திலிருந்து துணி நெய்வாரையும் வருவித்தார். பாரிசிலே கொபெலேன் என்னும் திரைச்சீலை நெசவுச்சாலையை அரசுடைமையாக்கினார். அத்திலாந்திக்குப் பக்கத்தையும் மத்தியதரைக் கடலையும் இணைக்கும் தென்கால்வாய், ரிக்கே என்பவரின் முயற்சியால் 1666இல் தொடங்கி 1681இல் நீரோடத் தொடங்கியது. அதன் நீளம் ஏறத்தாழ 240 கிலோமீற்றர். இன்றும் அது நிலைத்திருக்கின்றது.

கல்வித்துறையும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. 1666இல் விஞ்ஞானக் கழகம் ஒன்றைத் தோற்றுவித்தார். 1667இல் பாரிசு வானியல் ஆய்வகத்துக்கு அடிகோலினார். ஒல்லாந்தரான ஹைகன்ஸ், இத்தாலியரான காசினி முதலிய பேரறிஞர்களை ஊதியங் கொடுத்து அழைப்பித்தார். தாமோ பெருங்கல்வி கற்றவரல்லர். ஆயினும் நூல்களையும் ஏட்டுப் பிரதிகளையும் தேடித் திரட்டிப் பெரியதொரு நூலகம் சேர்த்தார்.

அவர் கைக்கு வந்தபொழுது கடலிற் செல்லத்தக்க போர்க்கப்பல் ஏறத்தாழ இருபதே இருந்தன. பத்து, பதினைந்து ஆண்டுகளில் அத்தொகை நூற்றைக் கடந்தது. ரோஷ்ஃபோர் என்னும் சதுப்பு நிலத்தில் ஒரு துறைமுகமும் கப்பற் பட்டடையும் எழுந்தன. இவ்வெற்றிக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. துடுப்பு வலிக்கும் மரக்கலங்களுக்கு ஆள் போதாமையால், குற்றவாளிகளைத் துடுப்புத் தண்டனைக்கு மிகுதியாக அனுப்புமாறு நீதிபதிகளுக்கு எழுதினார். கரும்புத் தீவுகளிலே அடிமைகளை ஆளுதற்கான சட்டத்தை ஆயத்தஞ் செய்தவரும் அவரே. அவர் இறந்தபின் 1685இல் அது வெளிவந்தது. மனிதரை மனிதராக எண்ணாமல் ஆட்கணக்காக எண்ணும் ஏடு எத்தகையது என்பதை, தோட்டங்கள் சூழ்ந்த மலைநாட்டில் வாழும் நமக்கு எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை.

கீழ்நாட்டுக் கப்பல்கள்

ஒல்லாந்தர் கீழ்நாட்டு வாணிகத்தால் கொழித்தனர். அதைக் கண்டு கோல்பேர் 1664இல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியை நிறுவினார். அதன் மூலதனம் ஒன்றரைக் கோடி லிவர் என வகுக்கப்பட்டது. முப்பது இலட்சம் அரசனே கொடுத்தான். வணிகர் தாமாக முன்வரவில்லை. அரசனின் மனக்கசப்புக்கு அஞ்சியே அதிகாரிகளும் நகரத்தாரும் பங்கு வாங்கினர். வாணிகம் ஆணையினால் வளருமா என்ற வினாவுக்குக் காலம் விடை கூறிற்று.

இம்முயற்சிக்குக் கோல்பேர் அமர்த்திய தலைவர்களுள் ஒருவர் பிரான்சுவா கரோன். அவர் முன்னர் ஒல்லாந்தரிடம் ஊழியம் பார்த்தவர்; 1644இல் நம் நீர்கொழும்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர்க்குக் கைப்பற்றிக் கொடுத்தவர். கறுவாவின் அருமையை நேரில் அறிந்த அவர், இலங்கையில் ஒரு துறை பிரான்சுக்கு வேண்டும் எனத் தூண்டினார். 1670இல் தெ லா ஹே என்பவரின் தலைமையில் ஒரு கப்பற்படை புறப்பட்டது.

அக்காலத்தில் கண்டியை ஆண்டவன் இரண்டாம் இராசசிங்கன். போர்த்துக்கேயரை விரட்ட ஒல்லாந்தருடன் 1638இல் உடன்படிக்கை செய்தவன் அவன். போர்த்துக்கேயர் போயினர், ஒல்லாந்தர் போகவில்லை. இஞ்சியைக் கொடுத்து மிளகாயை வாங்கிய கதை என்று சிங்கள மக்கள் வழங்கும் பழமொழிக்கு இதுவே பொருள். கெலிஓயாவுக்கு அண்மையிலுள்ள நில்லம்பையில் அம்மன்னனுக்கு ஓர் அரண்மனை இருந்தது. 1664 டிசம்பரில் அங்கே எழுந்த கிளர்ச்சிக்குப் பின் அவன் ஹங்குராங்கெத்தவில் தங்கினான். ஒல்லாந்தரை எதிர்க்க வேறொரு துணையை நாடியிருந்த அவனுக்கு, 1672 மார்ச்சில் பிரெஞ்சுக் கப்பல்கள் திருகோணமலையை அடைந்தமை நற்செய்தியாயிற்று. கொட்டியாரக் குடாவில் இடங்கொடுத்து உதவியும் அனுப்பினான்.

பிரெஞ்சுக்காரர் அங்கே கோட்டை கட்டத் தொடங்கினர். ஆனால் உணவு போதவில்லை, நோய் பரவிற்று. ஒல்லாந்துத் தளபதி வான் கூன்ஸ் பெருங்கப்பற்படையுடன் வந்து கடலை மறித்தான். தெ லா ஹே யூலை மாதத்தில் ஒரு சிறு காவற்படையை நிறுத்திவிட்டுக் கடலேறினார். அக்காவற்படையும் சில நாட்களிற் சரணடைந்தது.

இதற்கிடையில் கண்டி மன்னனிடம் தூதராக அனுப்பப்பட்டவர் லானெரோல் என்பார். அரசவை முறைகளை மதியாது குதிரைமீதிருந்தவாறே சென்றார். அரசன் காத்திருக்கச் செய்தபொழுது பொறுமையிழந்து தம் இருப்பிடத்துக்கு மீண்டார். அதனை அவமதிப்பாகக் கொண்ட மன்னன், அவரை அடித்து விலங்கிடுமாறு பணித்தான். இச்செய்தியை எழுதி வைத்தவர் றொபேட் நொக்ஸ். அவர் 1660 முதல் 1679 வரை கண்டி நாட்டிற் சிறையிருந்த ஆங்கிலேயர். நம் உடுநுவரையைச் சேர்ந்த எலதெத்த என்னும் ஊரிலே நிலம் வாங்கி வாழ்ந்தவர். லானெரோல் பின்னர் விலங்கு நீங்கப்பெற்றார். எனினும் தாயகம் திரும்பவில்லை. அவர் பெயர் இன்றும் இலங்கையில் ஒரு குடிப்பெயராக வழங்குகின்றது. பாரிசிலிருந்த அமைச்சரின் பேரேட்டில் அவர் ஒரு செலவு மட்டுமே. இம்மலைகளிலோ ஒரு குடும்பத்தின் முதல்வராய் வாழ்ந்து மறைந்தார்.

திருகோணமலையை விட்ட தெ லா ஹே, 1672 யூலையிற் சென்னைக்கு அருகிலுள்ள சாந்தோமைக் கைப்பற்றினார். அங்கும் கோல்கொண்டாப் படையும் ஒல்லாந்தரும் சூழ்ந்து முற்றுகையிட்டனர். 1674 செப்டம்பரில் அதுவும் கைவிட்டுப் போயிற்று. கரோன் ஐரோப்பா திரும்பும் வழியிலே, 1673இல், லிஸ்பன் நகரருகில் கப்பல் மூழ்கி இறந்தார். பெரும்படை சென்று வெல்ல முயன்ற இடமெல்லாம் பறிபோக, பீசப்பூர் அரசின் அதிகாரியான ஷேர்கான் லோடி விரும்பிக் கொடுத்த ஒரு கடற்கரைச் சிற்றூரே எஞ்சியது. 1674இல் பிரான்சுவா மார்த்தேன் அங்கே குடியேறி அமைதியாக வளர்த்த அவ்வூரே புதுச்சேரி. 1954 நவம்பர் 1ஆம் நாள் இந்தியாவிடம் ஒப்படைக்கப்படும்வரை, இடையிடையே பிறர் கைக்குப் போயினும், அது பிரெஞ்சுக்காரர் ஊராகவே இருந்தது.

போரும் வீழ்ச்சியும்

இலங்கையிலும் சாந்தோமிலும் உதவிப்படை வாராமைக்குக் காரணம் ஐரோப்பாவில் இருந்தது. 1672இல் லூயி மன்னன் ஒல்லாந்து நாட்டின்மேற் படையெடுத்தான். கோல்பேரும் அப்போரைத் தொடக்கத்தில் விரும்பினார் என்பதை மறைத்தல் தகாது. ஒல்லாந்தரின் வாணிகம் சில மாதங்களில் தம் கைக்கு வரும் என அவர் எண்ணினார். ஒல்லாந்தரோ தம் கடலணைகளைத் தாமே திறந்துவிட்டு நாட்டை நீரில் மூழ்கச் செய்து எதிர்த்து நின்றனர். போர் ஆறாண்டு நீடித்தது.

பத்தாண்டு உழைப்பில் நிரம்பிய கருவூலம் வறண்டது. தாம் ஒழித்த தீய வழிகளுக்கே கோல்பேர் திரும்ப வேண்டியதாயிற்று. கடன் வாங்கினார், பதவிகளை விற்றார், முத்திரைத்தாளுக்கும் புகையிலைக்கும் புதுத்தீர்வை விதித்தார். 1675இல் போர்தோ நகரிலும் பிரித்தானி மாகாணத்திலும் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். படை சென்று அவர்களை அடக்கியது. 1678இல் அமைதி உடன்படிக்கை எழுதப்பட்டபொழுது, ஒல்லாந்தர்க்கெதிராகக் கோல்பேர் விதித்திருந்த பெருந்தீர்வையை அரசன் விட்டுக்கொடுத்தான். எதற்காகப் போரை விரும்பினாரோ, அதனையே அப்போர் கொண்டுபோயிற்று.

அவர் வாய் திறவாத அமைச்சரல்லர். 1666ஆம் ஆண்டிலேயே, அரண்மனைக் கேளிக்கைச் செலவும் வீண் படையணிவகுப்பும் மிகுந்துவிட்டன என்று அரசனுக்கு அஞ்சாது எழுதினார். வெர்சாய் மாளிகை வேண்டா, பாரிசிலுள்ள லூவர் அரண்மனையே அரசனுக்குப் புகழ் தரும் என்று வாதாடினார். முதுமையில் நாட்டுப்புறத்தாரின் வறுமையை எடுத்தெழுதினார். அரசன் கேட்கவில்லை, போர்த்துறையமைச்சர் லூவுவாவின் சொல்லே ஏறிற்று. அரசன் மறுத்தபின், அதே செலவுக்கு வேண்டிய பணத்தைத் தேடிக் கொடுத்தவரும் கோல்பேரே. வெர்சாய்க் கட்டட வேலையை மேற்பார்த்தவரும் அவரே. உறுதி கூறும் கடனை அவர் செய்தார்; ஆனால் கேளாதபொழுது பதவியை விட்டு விலகும் துணிவு அவரிடம் இருக்கவில்லை. மகனைக் கடற்படைக்கும், தம்பியை வெளிநாட்டுத்துறைக்கும் உயர்த்தி, மகளிர் மூவரைக் கோமக்களுக்கு மணம் முடித்துக் கொடுத்த ஒருவருக்கு, விலகுதல் எளிதும் அன்று.

1683ஆம் ஆண்டு செப்டம்பர் 6ஆம் நாள், அறுபத்து நான்காம் வயதில், கல்லடைப்பு நோயால் வருந்திப் பாரிசில் இறந்தார். இறுதி நாட்களில் அரசனிடமிருந்து வந்த கடிதத்தைப் படிக்கவும் அவர் மறுத்தார் என்று கூறுவர். வரிச்சுமையால் நொந்த மக்கள் பிரேதத்தைத் தாக்கக்கூடும் என்றஞ்சி, இரவிலே, காவலர் சூழ, புனித யுஸ்தாசு கோவிலில் அடக்கஞ் செய்தனர். இருபத்திரண்டு ஆண்டுகள் ஒரு நாட்டைச் சீராக்க உழைத்தவரின் இறுதி ஊர்வலத்தை ஊரார் காண இயலவில்லை. இரண்டாண்டுகளின் பின், 1685இல், புரட்டஸ்தாந்து மதத்தவர்க்கு இருந்த உரிமையை அரசன் நீக்கினான். கோல்பேர் தொழில் வளர்ச்சி கருதிக் காத்துவந்த கைவினைஞர் பலர் அயல்நாடுகளுக்கு ஓடினர்.

முடிவுரை

கோல்பேரின் உழைப்பைப் போற்றாதவர் இலர். குலமோ, கூரிய நாவோ, அழகிய தோற்றமோ இன்றி, கணக்கை நேராக எழுதும் ஒரு திறமையால் அவர் உயர்ந்தார். நம் கல்லூரியிலிருந்து எழுதுவினைஞராகவும் கணக்காளராகவும் அதிகாரிகளாகவும் செல்லும் மாணவர்க்கு அவ்வுழைப்பு நல்லதோர் எடுத்துக்காட்டு. ஆனால் அந்த ஏட்டிலே குடிமகன் வரவுப் பக்கத்தில் மட்டுமே இடம்பெற்றான். அவனுடைய பசி எந்தப் பக்கத்திலும் எழுதப்படவில்லை. எழுதத் தொடங்கிய காலத்திலோ, படிப்பார் இல்லை.

அவர் அமைத்த கால்வாயில் இன்றும் நீர் ஓடுகின்றது. அறிவியற் கழகம் நிலைத்திருக்கின்றது. ஆணையினாலும் பீரங்கியினாலும் நாட்ட முயன்றவை நிலைக்கவில்லை. அலுவலகத்தில் அமர்ந்து ஏட்டைத் திறக்கும் எவரும், அதன் ஒவ்வொரு வரிக்கும் அப்பால் எங்கோ ஒரு லானெரோல், எங்கோ ஓர் உழவன் இருக்கின்றான் என்பதை மறவாதிருப்பாராயின், கோல்பேரின் வாழ்வு நமக்குப் பயன் தந்ததாகும்.